மூன்று நாள் பத்தியம்

(உலக நீரிழிவு நாளையொட்டி வேலூரில் செவிலியர்கள், உணவு ஆலோசகர்கள், சுகாதாரத் தன்னார்வலர்கள் கூடிய அரங்கில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'நீரிழிவு சிகிச்சையில் மருத்துவப் பணியாளர்களின் பங்கு'. அழைப்பிதழில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே பேசினால் பத்து நிமிடத்தில் நீங்களும் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். அதனால் நான் ஒரு பத்தியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். மூன்று நாள் பத்தியம்.

அது என்ன மூன்று நாள் பத்தியம்? பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் எடுப்பார்கள். அந்த அம்மா செவ்வாய்க்கிழமையே காபிக்குச் சர்க்கரையை நிறுத்திவிடுவார். புதன்கிழமை சோறு நிற்கும். வியாழக்கிழமை ராத்திரி இரண்டே இட்லி. பத்து நாளாக டப்பாவில் தூங்கிய மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகும். வாசலில் அரை மணி நேரம் நடை வேறு. வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 118 என்று வரும். 'வெரி குட்மா, இப்படியே இருங்க' என்று நாம் சொல்வோம். அவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வெளியே போவார். எதிர்க்கடையில் இரண்டு பூரி, ஒரு காபி. சர்க்கரை தூக்கலாக.

அப்புறம் ஹெச்பிஏ1சி வந்தது. ஜனங்கள் 'மூணு மாச டெஸ்ட்' என்கிறார்கள், சரியான பெயர். ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். மூன்று நாள் பத்தியத்தின் ஜம்பம் அதனிடம் பலிக்காது. காலையில் 118 காட்டிய அம்மாவுக்கு இந்தச் சோதனையில் 10 சதவீதம் என்று வந்து நிற்கும். அதற்கு அர்த்தம், மூன்று மாத சராசரி ஏறத்தாழ 240. நமக்கோ ஒரே குஷி! கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் அல்லவா?

நான் கேட்கிறேன், யாரைப் பிடித்தோம்? எதற்காகப் பிடித்தோம்? தன் உடம்பைப் பற்றி, தனக்கு உதவி செய்யவே சம்பளம் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம், ஒரு மனுஷி ஏன் பொய் சொல்ல வேண்டும்? வைத்தியனிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்று நமக்குச் சொல்லி வளர்த்ததே அந்த அம்மாவைப் போன்றவர்கள்தானே? அவர்களே நம் முன்னால் வந்து உட்கார்ந்தால் ஏன் பொய் சொல்கிறார்கள்?

பயம். சர்க்கரையைப் பார்த்து வந்த பயம் என்றால் மூன்று மாதமும் பத்தியம் இருந்திருப்பார்கள். இது நம்மைப் பார்த்து வந்த பயம். அதனால்தான் மூன்றே நாள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஒன்று சொல்கிறேன். இன்சுலின் வராத காலம். நியூயார்க்கில் ஃபிரெடெரிக் ஆலன் என்று ஒரு மருத்துவர். உடம்பால் உணவைச் சமாளிக்க முடியவில்லை, அதனால் உணவைக் குறைப்போம் என்பது அவருடைய முறை. சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை பட்டினி. பிறகு அளந்து அளந்து கொஞ்சம் சாப்பாடு. மறுபடி சர்க்கரை தெரிந்தால் மறுபடி பட்டினி. கொடுமையாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைவிட்டால் வேறு வழியே கிடையாது. அவரிடம் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நோயில் கண் பார்வை போய்விட்டது. எவ்வளவு குறைத்தாலும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. இன்னும் குறைத்தார்கள். இன்னும் வந்தது. படுக்கையில் கிடக்கும் பார்வையில்லாத பிள்ளைக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் குழப்பம்.

கடைசியில் தெரிந்தது. பையன் பற்பசையைத் தின்றிருக்கிறான். ஆசைப்பட்டுக் கேட்டான் என்று கூண்டில் ஒரு கேனரிக் குருவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குருவிக்குப் போட்ட தானியத்தை எடுத்துத் தின்றிருக்கிறான். ரொம்ப நாள் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு அப்புறம்தான் ஒத்துக்கொண்டான். ஆலன் 1919-ல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். பையன் பிழைக்கவில்லை.

குருவிக்குப் போட்ட தானியம்! இதைப் படித்த நாளிலிருந்து, 'நான் ஒண்ணுமே சாப்பிடலை சிஸ்டர்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கூண்டுதான் ஞாபகம் வருகிறது.

அதே ஆலனிடம் இன்னொரு பிள்ளையும் இருந்தாள். எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1919-ல், 11 வயதில் நோய் தெரிந்தது. மூன்று வருஷம் பட்டினி வைத்தியத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1922 ஆகஸ்டில் டொரண்டோவுக்குப் போய் இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கியபோது, 15 வயது நிறையப்போகிற பெண்ணின் எடை சுமார் 20 கிலோ. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் வாழ்ந்தாள் தெரியுமா? 1981 வரை! கல்லூரிக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள்.

இன்சுலினைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் முன்வரிசையில் இருக்கும் பயிற்சி மாணவிகள் பட்டென்று சொல்வார்கள். பான்டிங், பெஸ்ட். நவம்பர் 14-ஐ நாம் கொண்டாடுவதே பான்டிங்கின் பிறந்த நாள் என்பதால்தானே. சரி, பிளான்ச் பர்ஜெஸ் என்ற பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கையும் இல்லை. மேடையிலும் இல்லை.

எலிசபெத்தின் செவிலியர் அவர். இன்சுலின் இல்லாத அந்த ஆண்டுகளில் அந்தப் பெண்ணுடனேயே இருந்து, வேளைக்கு வேளை தராசில் நிறுத்துச் சாப்பாடு போட்டவர். பெர்முடா தீவுக்குப் போனபோதும் கூடப் போனார், டொரண்டோவுக்கும் கூடப் போனார். இன்சுலின் வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தாள் என்றால், தராசைப் பிடித்த கை ஒன்று இருந்தது. பான்டிங்கின் பெருமையில் நான் ஒரு கடுகும் குறைக்கவில்லை. மருந்து வந்து சேரும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதும் ஒரு வேலைதான் என்கிறேன். அது நம் வேலை.

ஒரு கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். சர்க்கரை நோய் உள்ளவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் என்று வையுங்கள். வருஷத்துக்கு அரை மணி நேரம். மிச்சம் 8,759 அரை மணி நேரம் வைத்தியம் பார்ப்பது யார்? அவரேதான். ஊசி போடுவது அவர், மாத்திரை விழுங்குவது அவர், பந்தியில் பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைப்பதும் வைக்காததும் அவர். வேறெந்த நோயில் இப்படி? குடல்வால் அறுவைச் சிகிச்சையை நோயாளியிடம் கத்தியைக் கொடுத்து 'நீங்களே பார்த்துக்கங்க' என்று சொல்ல முடியுமா? இங்கே சொல்கிறோம். சொல்லித்தான் ஆக வேண்டும். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்த நாட்டில் நீரிழிவோடு இருப்பவர்கள் 10.1 கோடி. அத்தனை பேர் பக்கத்திலும் ஒரு டாக்டரை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

இதைப் பாஸ்டனில் ஜாஸ்லின் அப்போதே புரிந்துகொண்டார். எலியட் ஜாஸ்லின், நீரிழிவு வைத்தியத்தின் பெரிய ஆசான்களில் ஒருவர். 1918-ல் ஒரு கையேடு போட்டார். அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார், இது மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கு என்று. ஒரே புத்தகம், இரண்டு பேருக்கும்! நோயாளிக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் மரியாதை போய்விடுமே என்று இன்றைக்கும் நம்மில் சிலர் நினைக்கிறோம். அவர் நூறு வருஷத்துக்கு முன் நினைக்கவில்லை. அதோடு விடவில்லை. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பி, அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பரவாயில்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

நான் பணியில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். லாரி ஓட்டுநர் ஒருவர் வருவார். 45 வயது. சர்க்கரை எப்போதும் 300-க்கு மேல். ஓடுகிற லாரியில் எங்கே சாப்பிடுவது, எப்போது மாத்திரை போடுவது? இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய சீட்டில் 'சொல்பேச்சு கேட்பதில்லை' என்று எழுதியிருந்தேன். ஒருநாள் கூட்டம் நிரம்பி வழிகிறது, மின்விசிறி ஓடவில்லை, காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரிசையில் நாற்பது பேர் பார்க்க, அவரைப் பிடித்துக்கொண்டேன். 'உங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா? பொண்டாட்டி பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கணுமா?' அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையில் சீட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு போனார்.

எட்டு மாதம் வரவில்லை. நானும் தேடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செருப்பில் ஆணி ஏறியிருக்கிறது. அந்த ஆணியோடு இரண்டு நாள் வண்டி ஓட்டியிருக்கிறார். வலிக்கவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து கிளீனர் பையன் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. அப்புறமும் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் ஓட்டியிருக்கிறார். முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். கட்டு மாற்றும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சிஸ்டர். அதான் வர வெட்கமா இருந்துச்சு."

என்னைத் திட்டியிருக்கலாம் அவர். வாங்கிக்கொண்டிருப்பேன்.

வலிக்கவில்லை என்றேன். இரண்டு நாள் ஆணி ஏறிய கால் ஏன் வலிக்கவில்லை? இதற்கு விடை தெரிய நாம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போக வேண்டாம். இந்த அரங்கத்திலிருந்து பஸ் ஏறினால் போதும், தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி வந்துவிடும். அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டை இந்த ஊரில் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, இருந்தாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழுகி உதிர்வது அந்த நோயின் இயல்பு என்றே அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஒருநாள் கிடங்கு அறை ஒன்றின் பூட்டைத் திறக்கப் பார்க்கிறார் பிராண்ட். துருப்பிடித்த பூட்டு. சாவி திரும்பவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன், நோஞ்சான், 'நான் பார்க்கிறேன் சார்' என்று வந்து ஒரே திருப்பு. பூட்டு திறந்துவிட்டது. பிராண்டுக்கு ஆச்சரியம். இந்தப் பையனுக்கா இவ்வளவு பலம்? கீழே பார்க்கிறார், ரத்தச் சொட்டு. பையனின் கையைத் திருப்பிப் பார்க்கிறார். சாவி விரலைக் கிழித்து எலும்பு தெரிகிறது. பையனோ சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

வலி தெரிந்தவன் பாதியில் விட்டிருப்பான். வலி தெரியாதவன் எலும்பு வரைக்கும் திருகுகிறான். சதையில் கோளாறு இல்லை. 'போதும், விடு' என்று சொல்கிற நரம்பு செத்துப்போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பிராண்ட் பின்னால் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே போனால், நீரிழிவுக்காரர்களின் பாதங்களிலும் இதே கதை! நம் வேலூர்த் தொழுநோயாளியிடம் கற்ற பாடம் அங்கே சர்க்கரைப் புண்ணுக்கு மருந்தானது. இன்றைக்கு நம் கடைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கிறார்களே எம்.சி.ஆர். செருப்பு, மெத்தென்ற ரப்பர் போட்டது, அதன் பூர்வீகமும் தொழுநோயாளியின் பாதம்தான். டாக்டர் பக்கத்தில் ஒரு செருப்புத் தைக்கிறவரும் உட்கார்ந்தால்தான் அந்த வைத்தியம் நடக்கும். நீரிழிவு சிகிச்சைக் குழு என்று படம் போடும்போது அவரை ஏன் நாம் போடுவதில்லை?

கால் பார்ப்பது எப்படி? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கட்டைவிரலின் அடியில், விரல்களின் வேர்ப்பகுதியில் ஒவ்வொரு இடமாகத் தொட வேண்டும். 'தெரியுதா? எந்தக் கால்?' தெரியவில்லை என்றால் அவருக்கு ஆணி ஏறினாலும் தெரியாது, சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுட்டாலும் தெரியாது. விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செருப்பைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஆனால் குனிய வேண்டும். அங்கேதான் சிக்கல். நான் முதன்முதலில் ஒரு பாட்டியின் காலைப் பிடித்தபோது, 'ஐயையோ, நீங்க போய் என் காலைத் தொடலாமா' என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அவர் பெற்ற பிள்ளைகள்கூட அந்தக் காலைத் தொட்டு எத்தனை வருஷமோ. எனக்கு அன்றைக்கு ஒன்று பிடிபட்டது. காலைப் பிடித்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாது. முயன்று பாருங்கள், வாய் வராது. அந்தப் பாட்டி காலை என் மடியில் வைத்துக்கொண்டே, தினமும் ராத்திரி பேரனோடு சேர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதைச் சொல்லிவிட்டார்!

இன்னொன்று சொல்கிறேன், ஊசி பற்றி. இதை மாணவிகள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். கடிகாரம் மாதிரி ஆள். காலையில் 20 யூனிட் இன்சுலின், நோட்டில் எழுதி வைப்பார். நடை, சாப்பாடு எல்லாம் கணக்கு. சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. 25 ஆக்கினார்கள். இறங்கவில்லை. 30 ஆக்கினார்கள். 'வீட்டில் ஏதோ தின்கிறார்' என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அவருடைய மனைவியையே கூப்பிட்டு விசாரித்தோம். பெரியவருக்கு அவமானம், முகம் கறுத்துவிட்டது. இந்த முறை என் கண்முன் அந்த லாரி ஓட்டுநர் வந்து நின்றார். நான் கேட்டேன், 'ஐயா, நாளைக்கு ஊசி, மருந்து எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. வீட்டுல எப்படிப் போடுறீங்களோ அப்படியே என் முன்னாடி போட்டுக் காட்டுங்க.'

மறுநாள் வந்தார். பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். ஆரஞ்சு மூடி!

பழைய ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி என்றால் மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கானது. மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். 30 இழுத்தால் 12. மாதக்கணக்கில் பாதிக்கும் குறைவான மருந்து! இதில் பயங்கரம் என்ன தெரியுமா? மருந்து போதவில்லை என்று நாம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறோம். திடீரென்று ஒருநாள் கடையில் சரியான சிவப்பு மூடிச் சிரிஞ்சு கிடைத்து, அதில் 30 இழுத்துப் போட்டிருந்தால்? சர்க்கரை தடாலென்று இறங்கி, பெரியவர் காலையில் எழுந்திருக்காமலே போயிருப்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. பொய் என்று நாம்தான் எழுதிக்கொண்டோம். 'ஒழுங்கா போடுறீங்களா?' என்று நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். 'போட்டுக் காட்டுங்க' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எத்தனை பார்த்துவிட்டேன்! இன்சுலின் பேனாவில் ஊசியின் உள்மூடியைக் கழற்றாமலே குத்திக்கொண்டிருந்தவர் உண்டு. வலிக்காத இடம் என்று தொப்புள் பக்கத்தில் ஒரே இடத்தில் மூன்று வருஷம் குத்தி, அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொழுப்புக் கட்டி வளர்த்தவர் உண்டு. அந்தக் கட்டியில் போட்டால் மருந்து எப்போது ரத்தத்துக்குப் போகும், எவ்வளவு போகும் என்று கடவுளுக்கே தெரியாது. சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும். சீட்டை மட்டும் பார்த்தால் தட்டுப்படாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அதற்கு என் பக்கத்தில் உணவு ஆலோசகர் இருக்கிறார், அவர் பிழைப்பில் மண் போடக் கூடாது. ஒன்று மட்டும். கொத்தனார் வேலைக்குப் போகிற பெண்ணின் கையில் ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதை இன்றைக்காவது நிறுத்துவோம். அந்தத் தாளை அவர் பத்திரமாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார், அவ்வளவுதான். 'சோறு வேணாம், சப்பாத்தி சாப்பிடுங்க' என்கிறோம். ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறார். 'கேழ்வரகு நல்லது' என்கிறோம். கூழாகக் கரைத்து ஒரு சொம்பு குடிக்கிறார். கரைத்துக் குடித்தால் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும் என்பதை யார் சொன்னோம்? சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியவர். நம் ஆட்கள் தானியம் தின்கிறவர்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, அதிலேயே நார்ச்சத்தைக் கூட்டி ஒரு உணவுமுறை வகுத்தார். தட்டை மாற்றவில்லை, தட்டில் இருப்பதைத் திருத்தினார்.

அதே மாதிரிதான் டாக்டர் வி. சேஷய்யா. கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வா என்றால் கிராமத்துப் பெண் இரண்டு பஸ் மாறி, மசக்கையோடு, பட்டினியாக எப்படி வருவாள்? 'நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா' என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருவாளா? அவர் வகுத்த முறை எளிமை. சாப்பிட்டு வந்தாலும் சரி, சாப்பிடாமல் வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனி. வந்த அன்றைக்கே முடிந்தது வேலை. இது ஆய்வகத்தில் பிறந்த யோசனையா, பஸ் நிறுத்தத்தில் பிறந்த யோசனையா? எனக்கென்னவோ பஸ் நிறுத்தம் என்றுதான் படுகிறது.

தன்னார்வலச் சகோதரிகளே, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் நோயாளிகளின் வீட்டுக்கே போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, ஜாஸ்லினின் செவிலியர்கள் நடந்த வழியில்தான் நீங்கள் இறங்கினீர்கள். உங்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகைதான். தெரியும். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும், நானும் பேசுவேன். ஆனால் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த எனக்கு 32 வருஷமும் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. நீங்கள் அடுப்படியைப் பார்க்கிறீர்கள். இன்சுலின் புட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். ஜன்னல் மேல் வெயிலில் இருந்தால் சொல்லலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்சட்டிக்குள் ஈர மணலைப் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை வைத்து, அதற்குள் புட்டியை வைக்கச் சொல்லித்தரலாம். மூன்று நாள் பத்தியம் உங்களிடம் செல்லாது. செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிறவர் நீங்கள்.

அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வீட்டுக்குள் போய்த் திட்டிவிடாதீர்கள். ஓ.பி.யில் திட்டினால் அவர்கள் ஓ.பி.க்கு வரமாட்டார்கள். வீட்டில் திட்டினால் எங்கே போவார்கள்?

நாம் ஏன் திட்டுகிறோம்? கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு முகம் பார்க்கிறோம். முப்பதாவது முகத்துக்கு மேல் அது முகமாகத் தெரிவதில்லை, எண்ணாகத்தான் தெரிகிறது. 280, 310, 195. நாம் ஓயாமல் சொல்லியும் எண் இறங்கவில்லை என்றால், நாம் தோற்றுப்போனதாக ஒரு எரிச்சல். அந்த எரிச்சல்தான் வாய் வழியாக வருகிறது. இதை மேலதிகாரிகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். இருநூறு பேருக்கு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு, 'கனிவாகப் பேசவும்' என்று சுவரில் பலகை மாட்டினால் கனிவு வராது. இன்னொரு நாற்காலி போட்டால் வரும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த மூன்று நாள் பத்தியக்கார அம்மாக்களில் ஒருவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், மகனின் மெஷினில் பார்த்து எண்ணை எழுதச் சொன்னேன். 'எவ்வளவு வந்தாலும் எழுதுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பக்கத்துல அன்னைக்கு என்ன விசேஷம்னு மட்டும் எழுதுங்க.' முதல் மாதம் எல்லாம் 120, 118, 122. அழகான பொய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒரே ஒரு 190 எட்டிப் பார்த்தது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் மாதம் நோட்டை நீட்டும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. வாங்கிப் பார்த்தேன். பென்சிலில், அழுத்தி எழுதியிருந்தார்: 312. பக்கத்தில், 'மருமகள் வளைகாப்பு. லட்டு 2. எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல். பொங்கல் ரெண்டாந்தடவையும்.'

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"மருமகள் நல்லா இருக்காங்களா? சரி, காலைக் காட்டுங்கம்மா."